பையில் இருந்த இரு எடைக்கற்கள்



மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறன்று, நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் நம் ஆலயங்களில் முதல் வாசகமாக ஒலிப்பதை அறிவீர்கள். நற்பண்பு நிறைந்த மனையாளைப் போற்றும் பகுதி அது. ஆட்டு மயிரையும் சணலையும் தேடிக் கொணர்ந்து, கதிரும் தக்களியும் கையிலேந்தி, இருள் நீங்குமுன் எழுந்து இல்லம் காக்கும் அவ்வம்மையாரைப் பற்றி மறையுரை ஆற்றாத குருக்கள் இலர். நாமும் பன்முறை ஆற்றியுள்ளோம். அப்பகுதியின் 22 வசனங்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டவை என்றும், அங்கே ‘நற்பண்பு’ எனப் பெயர்க்கப்படும் எபிரேயச் சொல் போர்வீரரின் ஆற்றலையும் குறிப்பது என்றும், அதே சொல்லாலேயே போவாசு ரூத்தைப் புகழ்ந்தார் என்றும் குருமடத்தில் கற்றதையெல்லாம் மக்கள் முன் எடுத்துரைத்ததுண்டு.

ஆயினும் நூலில் கற்ற அப்பண்பை நாம் நேரில் கண்டது திருப்பருத்திக்குன்றத்தில், ஒரு பட்டு நெசவாளர் வீட்டுத் திண்ணையில். அதைக் கண்ட நாள் நமக்குப் பெருமை தந்த நாளன்று. அது நாம் வெட்கித் தலைகுனிந்த நாள். அதனை ஒளியாது எழுதுவது வாசிப்போர்க்கும் பயன்படலாம் என எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

காஞ்சி மாநகரைச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி எனப் பகுத்துரைப்பர். மூன்றாவதாக ஒரு காஞ்சியும் உண்டு. அதுவே ஜினகாஞ்சி எனப் பெயர் பெற்ற திருப்பருத்திக்குன்றம். நகருக்கு மேற்கே, வேகவதி ஆற்றுக்கு அப்பால் உள்ள சிற்றூர். சமணப் பெருமக்களின் திரைலோக்கியநாதர் கோயிலும் சந்திரப்பிரபர் கோயிலும் அங்கே நூற்றாண்டுகளாக நிலைபெற்றுள்ளன. ஊர்ப்பெயரிலே பருத்தி இருப்பினும், இப்பகுதி முழுவதும் தறியேறுவது பட்டே.

2009ஆம் ஆண்டில் காஞ்சியைச் சுற்றியுள்ள பங்குகளுள் ஒன்றில் நாம் பணியாற்றிக்கொண்டிருந்தோம். நம் பங்கு மக்களுள் நெசவுத் தொழில் செய்வோர் மிகச் சிலர். திருப்பருத்திக்குன்றத்தில் குடியிருந்த ஒரு குடும்பம் மட்டுமே கூலிக்குப் பட்டு நெய்து வந்தது. கணவர் காலில் ஆறாப் புண் வந்து குழித்தறியில் இறங்க இயலாமற் போகவே, மனைவியே தறியேறினார். நாத்தனார் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வீசித் தருவார். அக்குடும்பத்துக்கு ஒரே மகள். வயது பத்து. காஞ்சித் தறிகளில் முற்காலத்தில் இத்தகைய பக்க வேலைக்குச் சிறுவர் சிறுமியரையே அமர்த்தினர் என்பதை மூத்த வாசகர்கள் அறிவீர்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் இயற்றப்பட்ட பின்னும் அவ்வழக்கம் முற்றிலும் ஒழியப் பல ஆண்டுகள் சென்றன. இவ்வம்மையாரோ தம் மகளை ஒருநாளும் தறியருகே அமர்த்தியதில்லை. சிறுமி பள்ளிக்கூடத்திற்கே சென்று வந்தாள்.

அவ்வாண்டுப் பங்குத் திருவிழாவின் தேர்ப்பவனியில், தேருக்கு முன் மலர் தூவிச் சென்ற சிறுமியர் வரிசையில் இக்குழந்தையும் இருந்தாள். மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையும் சரிகை வேலைப்பாடும் கொண்ட பட்டுப் பாவாடை உடுத்தியிருந்தாள். மறுநாட் காலை, பங்குப் பேரவையைச் சார்ந்த ஒருவர் நம்மிடம் வந்தார். “சாமி, கூலி நெசவு செய்றவங்க வீட்டுப் பிள்ளைக்கு அசல் பட்டுப் பாவாடை எங்கிருந்து வந்துச்சு? முதலாளி வீட்டு நூல்ல கைவைக்காம வருமா?” என்றார்.

நெசவாளருக்கு முதலாளி பட்டு நூலையும் சரிகையையும் எடைபோட்டுத் தருவார். முடிந்த சேலையை எடைபோட்டே திரும்பப் பெறுவார். இடையே சிறிது நூலை மறைத்துக்கொள்வோரும் உண்டெனப் பேச்சு உண்டு. ‘காஞ்சிவரம்’ என்னும் திரைப்படத்தை அந்நாளில்தான் நாம் கண்டிருந்தோம். தன் மகளைப் பட்டுடுத்தி மணமுடித்துத் தருவதாக வாக்களித்த ஏழை நெசவாளர், நாள்தோறும் சிறிது பட்டு நூலை வாயில் அடக்கிக் கொணரும் கதை அது. படத்தைக் கண்டு கண்கலங்கிய நாமே, அக்கதை நம் பங்கிலும் நடந்துவிட்டதென ஒரு நொடியில் நம்பினோம். சிறிதும் விசாரித்தோமில்லை.

அடுத்த ஞாயிறன்று, அன்றைய வாசகத்தோடு ஒட்டாத ஒன்றை ஒட்டவைத்து, கள்ளத் தராசை ஆண்டவர் வெறுக்கிறார் என்னும் நீதிமொழிகள் நூலின் கருத்தை விரித்துரைத்தோம். “பிறர் நம்பித் தந்த நூலிலும் சரிகையிலும் கைவைத்து, அதனைத் தம் பிள்ளைகளுக்கு உடுத்தி, ஆண்டவர் திருமுன் கொண்டு வருவோரும் உளர்” என்றோம். பெயர் எதுவும் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பங்கிலே தறி வைத்திருந்தது ஒரே வீடன்றோ? பெண்கள் பகுதியில் பல தலைகள் ஒரே திசையில் திரும்பியதைப் பீடத்திலிருந்தே கண்டோம். நம் சொல் உரிய இடத்தில் தைத்ததென உள்ளூர மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியை இன்று நினைக்கினும் நெஞ்சு கூசுகிறது.

அதற்குப் பின் மூன்று ஞாயிறுகள் அக்குடும்பத்தார் திருப்பலிக்கு வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கின்றது என்றே முதலில் கருதினோம். நான்காம் வாரம் ஏதோ ஒன்று உறுத்தவே, மிதிவண்டியில் திருப்பருத்திக்குன்றம் சென்றோம். வீடு பூட்டியிருந்தது. கணவரை மருத்துவமனைக்குப் புண் கட்ட அழைத்துச் சென்றிருப்பதாக அண்டை வீட்டார் கூறினர். காத்திருக்கும் வேளையில் திரைலோக்கியநாதர் கோயிலுக்குள் சென்றோம்.

விசயநகர அரசின் அமைச்சரும் சமணருமான இருகப்பர், தம் ஆசான் புட்பசேன முனிவரின் விருப்பப்படி 1387ஆம் ஆண்டளவில் கட்டிய சங்கீத மண்டபம் அங்கே உள்ளது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வரலாறு வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அவற்றை அண்ணாந்து நோக்கிய நமக்கு, அங்கிருந்த பெரியவர் ஒருவர் வளாகத்திலுள்ள குராமரத்தைக் காட்டினார். அம்மரம் தன் அளவிலிருந்து குறைவதுமில்லை, மிகுவதுமில்லை என்பது அவ்வூரின் தொன்மையான நம்பிக்கை. நாடாளும் அரசனின் செங்கோல் நேராக நிற்பதற்கு அதுவே சான்றாம். “குறையவும் கூடாதுங்க, கூடவும் கூடாதுங்க. அதுதானே தருமம்?” என்றார் பெரியவர். வேற்றுச் சமயத்தார் ஒருவர் வாயிலிருந்து நமக்கு வந்த மறையுரையாக அது அமைந்தது. அளவு பிசகாமை பற்றி மூன்று வாரங்களுக்கு முன் முழங்கிய நாம் அங்கே விடையின்றி நின்றோம்.

பிற்பகலில் அவ்வம்மையார் திரும்பினார். முகம் சுளிக்கவில்லை. கணவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, திண்ணையில் பாய் விரித்து, மோர் தந்தார். நாம் தயங்கித் தயங்கிப் பாவாடையைப் பற்றிக் கேட்டோம். விசாரிப்பதற்காகவே வந்தோம் என்பதை மறைக்க இயலவில்லை. அவர் உள்ளே சென்று ஒரு துணியைக் கொணர்ந்து நம்முன் விரித்தார். பாவாடை தைத்தது போக எஞ்சிய சேலைத்துண்டு அது. கரையும் உடலும் கூடும் இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வையில் உள்ளது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனியே இரு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால்தான் இரண்டும் ஒரே துணியாகும். ஆதலின், உடல் நைந்தாலும் கரை பிரியாது என்பது அச்சேலையின் பெருமை. அவர் காட்டிய இடத்தில், இரண்டு விரற்கடை நீளத்திற்கு ஊடைகள் ஒன்றையொன்று பற்றாமல் நழுவியிருந்தன. உற்று நோக்கினாலன்றிப் புலப்படாது.

“கால் வலியில அவரு ராத்திரியெல்லாம் முனகிட்டிருந்தாரு சாமி. தூக்கம் இல்லாம மறுநாள் நெய்யும்போது தப்பிப்போச்சு. சேலையை மடிச்சா உள்பக்கம் போயிடும். முதலாளி எடை பார்த்தாரு, நீளம் பார்த்தாரு, சரின்னாரு. அவருக்குத் தெரியல. நாந்தான் காட்டினேன்.”

“ஏனம்மா காட்டினாய்?” என்றோம்.

“கல்யாணத்துக்குன்னு சொல்லி வச்ச சேலை சாமி. கட்டின அன்னைக்கே கரை விட்டுச்சுன்னா அந்தப் பொண்ணு மனசு என்னாகும்? முதலாளி கோபப்பட்டாரு. இனி இதை யார் வாங்குவாங்க, நீயே வச்சுக்கன்னு என் தலையிலேயே கட்டிட்டாரு. நூல் விலையை ஆறு மாசமா கூலியில பிடிக்கிறாரு. வீணாப் போகக் கூடாதேன்னு பிள்ளைக்குத் தைச்சேன்.”

சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர்க் குரலை உயர்த்தாமலே கூறினார்: “நீங்க தராசைப் பத்திப் பேசினீங்க. எங்க வீட்டுக்கு நூல் எடை போட்டுத்தான் வருது, எடை போட்டுத்தான் போகுது. தராசு எங்களுக்குத் தெரியும் சாமி.”

அன்பர்களே, நேர்மையின் பொருட்டு ஆறு மாதக் கூலியில் இழப்பெய்திய ஒருவரை, நேர்மையற்றவர் என ஆண்டவரின் பீடத்தில் நின்று நாம் பழித்துவிட்டோம்.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. விவிலியத்தைத் திறந்தோம். தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரம் நம் கண்முன் வந்தது. நினிவேக்கு நாடுகடத்தப்பட்ட தோபித்து அறநெறியாளர். உயிருக்கு அஞ்சாது, கொலையுண்ட தம் இனத்தாரை அடக்கம் செய்தவர். குருவியின் எச்சம் கண்களில் விழுந்து பார்வையிழந்தபின், அவர் மனைவி அன்னா கூலிக்கு நெய்து குடும்பத்தைக் காத்தார். ஒருநாள், நெய்த துணியைப் பெற்றவர்கள் முழுக் கூலியும் கொடுத்து, மேலும் ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகத் தந்தனர். அதன் குரலைக் கேட்ட தோபித்து, இது திருடப்பட்டதோ என ஐயுற்றார். திருப்பிக் கொடுத்துவிடு என்றார். கூலிக்கு மேல் கொடையாகக் கிடைத்தது என அன்னா கூறியும் நம்பவில்லை. மனைவியின் பொருட்டு வெட்கிச் சினந்தார். அப்போது அன்னா, உம்முடைய தருமங்களும் அறச்செயல்களும் எங்கே போயின என்று வினவினார்.

இப்பகுதியை முன்னரும் பலமுறை படித்திருக்கிறோம். அன்னாவின் சொல்லை, துன்புறும் நீதிமானைக் குத்திக்காட்டும் கடுஞ்சொல்லாகவே கருதிவந்தோம். அன்றிரவுதான் நெசவுக்கூலி பெறும் ஒரு பெண்ணின் பக்கமிருந்து அதனைப் படித்தோம். தோபித்து களவுக்கு அஞ்சியது நற்பண்பே. ஆயினும் அந்நற்பண்பு, தன்னைப் பற்றி அஞ்சுவதற்குப் பதிலாகப் பிறர்மீது ஐயங்கொள்ளத் தொடங்கியபோது குருடாயிற்று. குருவியின் எச்சம் அவர் கண்களை மட்டுமே மறைத்தது.

இதனினும் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. அன்று தேர்ப்பவனியில் பட்டுடுத்தியிருந்தவள் அச்சிறுமி மட்டும் அல்லள். வசதி படைத்த இல்லங்களின் பிள்ளைகள் பலரும் பட்டிலும் பொன்னிலும் மிளிர்ந்தனர். தேரின் மின்விளக்கு அலங்காரத்திற்கும் வாணவேடிக்கைக்கும் பெருந்தொகை தந்தோரை மேடையேற்றிச் சால்வை போர்த்தினோம். அப்பணம் எவ்வழி வந்ததென எவரேனும் வினவினரா? நாம் வினவினோமா? பையிலே பெரியதும் சிறியதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திராதே என இணைச்சட்டம் விலக்குகிறது. நீதிமொழிகள் நூலும் இருவகை எடைக்கற்களை ஆண்டவர் அருவருக்கிறார் என்கிறது. கடைக்காரரின் பையில் அவற்றைத் தேடிய நாம், நம் அங்கியின் பையில் தேடவில்லை. செல்வருக்கு ஒரு கல்லும் ஏழைக்கு வேறொரு கல்லுமாக இரண்டும் நம்மிடமே இருந்தன.

பிறரது குற்றத்தைப் போதிய ஆதாரமின்றி உண்மையென மனத்தளவில் ஏற்பதே பிழை எனத் திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. அதனைப் பிறரறியச் சொல்வது மேலும் பெரும் பிழை. அவ்வாரமே நாம் மூத்த குரு ஒருவரிடம் சென்று ஒப்புரவு அருட்சாதனம் பெற்றோம். ஆயினும் பாவம் மன்னிக்கப்பட்டாலும் கடன் தீர்வதில்லை. பொருளைக் கவர்ந்தவன் பொருளைத் திருப்பித் தரவேண்டியது போல, ஒருவரது நற்பெயரைக் கெடுத்தவன் அதனை மீட்டுத் தரக் கடமைப்பட்டவன். குருமடத்தில் தேர்வுக்காக மனனம் செய்த இப்பாடத்தின் பாரம் அப்போதுதான் தெரிந்தது. ஒரு மணித்துளியில் கெடுத்ததை எவ்வாறு மீட்பது?

அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தே மன்னிப்புக் கோர எண்ணி, அவ்வம்மையாரிடம் அதனைத் தெரிவித்தோம். அவர் பதறிப்போனார். “வேண்டாம் சாமி. எங்க பேரைச் சொன்னா அந்தப் பேச்சு இன்னும் நாலு வீடு போகும். பிள்ளை பள்ளிக்கூடத்துல தலைநிமிர்ந்து நடக்கணும்” என்றார். ஆதலின் அவர் பெயரைக் கூறாமல் நம் குற்றத்தை மட்டும் கூறினோம். தோபித்தின் ஆட்டுக்குட்டிக் கதையை எடுத்துரைத்து, “இந்தப் பங்கிலே கண்ணிழந்த தோபித்து உங்கள் பங்குக் குருவே. நான்கு வாரங்களுக்கு முன் இங்கு நின்று நாம் கூறிய ஒன்று, தீர விசாரியாமல் கூறிய பொய். இதை உங்கள் இல்லங்களிலும் சொல்லுங்கள்” என்றோம். நம்மிடம் முதலில் வந்து சொன்னவரையும் தனியே சந்தித்தோம். அவர் கெட்டவர் அல்லர். தாம் கண்டதிலிருந்து ஊகித்ததைச் சொன்னார். அதற்கு மேடையும் ஒலிபெருக்கியும் தந்தது நாமே.

அக்குடும்பத்தார் மறு ஞாயிறு ஆலயத்திற்கு வந்து, வழக்கமான இடத்திலேயே அமர்ந்தனர். அம்மையார் நற்கருணை வாங்க வந்தபோது நம் கை நடுங்கியது. ஆனால் அச்சிறுமி அப்பாவாடையை மீண்டும் உடுத்தி நாம் காணவில்லை. சில இழப்புகளை நம்மால் ஈடு செய்ய முடிவதில்லை.

அன்பான குடும்பத்தாரே, நற்பண்பைப் பற்றி விவிலிய ஞானம் நமக்குக் கற்பிப்பது என்ன? நீதிமொழிகளை நாம் பெரும்பாலும் பிறருக்காகவே மனனம் செய்கிறோம். சோம்பேறியைப் பற்றிய மொழி மைத்துனருக்கு, வாயாடியைப் பற்றிய மொழி அண்டை வீட்டாருக்கு, கள்ளத் தராசைப் பற்றிய மொழி கடைக்காரருக்கு எனப் பங்கிட்டுவிட்டு, நமக்கென ஒன்றையும் வைத்துக்கொள்வதில்லை. இந்நூலின் 18ஆம் அதிகாரமோ, கேளாமுன் விடையளிப்பவன் மூடன் என்றும், வழக்கில் முதலிற் பேசுபவன் கூற்று மற்றவன் வந்து வினவும்வரையே மெய்போல் தோன்றும் என்றும் நம்மையே நோக்கி எச்சரிக்கிறது. மாமியார் மருமகளைப் பற்றிக் கேட்கும்போதும், தந்தை மகனைப் பற்றிக் கேட்கும்போதும், முதலில் வந்து பேசியவரின் சொல்லோடு செவியை மூடிவிடாதிருப்போம். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சி நூலின் தொடக்கத்திலேயே, பிறர் கூற்றுக்கு நற்பொருள் கொள்ள முனைக என்றும், அது இயலாதபோது அவரிடமே கேட்டுத் தெளிக என்றும் நெறி வகுத்தார். ஒரு மிதிவண்டிப் பயணத்தில் தெளிந்திருக்க வேண்டியதை நாம் மூன்று வாரம் தள்ளிப்போட்டோம்.

மற்றொன்றும் கூறுவோம். நற்பண்புள்ள மனையாளைப் புகழும் 31ஆம் அதிகாரத்தைப் புகழ்ச்சிப் பாமாலையாக மட்டும் படிக்கலாகாது. அதன் முற்பகுதியில், இலமுவேல் அரசருக்கு அவர் தாய் அறிவுரை கூறுகிறார். பேச இயலாதோர்க்காகப் பேசு, ஏழையர்க்கு நீதி வழங்கு என்பது அத்தாயின் கட்டளை. இறுதியிலோ, அம்மனையாளின் கைகள் ஈட்டிய பயனை அவளுக்கே கொடுங்கள் எனும் கட்டளை வருகிறது. பெண்ணின் உழைப்பைப் புகழ்வது எளிது. அவளுக்குரிய கூலியையும் நற்பெயரையும் குறைவின்றித் தருவதே கடினம். இன்று நம் இல்லத் திருமணங்களுக்குப் பட்டெடுக்கச் செல்லும்போது விலையைக் கேட்கிறோம், சரிகையைச் சோதிக்கிறோம். காஞ்சிப் பட்டுக்கு 2005ஆம் ஆண்டு முதல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு. இவை தேவையே. அதனோடு, இதை நெய்த கைகளுக்கு உரிய கூலி சென்றதா என்றும் ஒருமுறை கேட்டால் என்ன? நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவர், துணி வெளுப்பவர் ஆகியோர்மீது, ஒரு பொருள் காணாமற் போனவுடன் முதல் ஐயம் எழுகிறதே, அவ்வேளையில் நம் பையிலுள்ள எடைக்கற்களை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் என்ன?

அப்பங்கை விட்டு நாம் மாற்றலாகிச் சென்றபோது, விடைபெற அவ்வம்மையாரின் வீட்டிற்கும் சென்றோம். அன்று விரித்துக் காட்டிய துண்டிலிருந்து, கோர்வை நழுவிய அவ்விரு விரற்கடைப் பகுதியைத் தருமாறு கேட்டோம். “பழுதானதைப் போய் கேக்கிறீங்களே சாமி” என்று சிரித்துக்கொண்டே வெட்டித் தந்தார். தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரத்தில் அதனை வைத்திருக்கிறோம். யாரேனும் யாரைப் பற்றியேனும் நம்மிடம் வந்து பேசும்போது, விடை கூறுமுன் அப்பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நம் வழக்கமாயிற்று.